கருவும் உரியும்: ஒரு பின்பால் பலகையை முன்வைத்து

பின்பால் ஆட்டத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு விளையாட்டுத்தனமாகப் படலாம். படட்டும். சென்ற மாதம் செல்லூரில் ஒரு நண்பரின் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்ட கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய கணினி விளையாட்டை நான் இன்னும் ஆடுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். 'ஒன்றில் விண்வெளி, ஒன்றில் கடற்கொள்ளை, ஒன்றில் கல்லறை. பந்து அதேதான், சரிவு அதேதான், அடியில் இருக்கும் ஓட்டையும் அதேதான். படத்தை மாற்றி ஒட்டினால் வேறு ஆட்டமாகிவிடுமா?' என்றார். அவர் கவிஞர். அவருடைய கடைசித் தொகுப்பில் கண்மாய், பனை, காவல் தெய்வம், கிடாவெட்டு எல்லாம் வருகின்றன. கேள்வி கேட்டவர் பக்கமும் திரும்பக்கூடியது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். சாய்த்து வைத்த ஒரு பலகை. வலது ஓரத்தில் வில் ஒன்று. இழுத்துவிட்டால் உருக்குப் பந்து மேலே ஓடி வளைந்து பலகைக்குள் விழும். விழுந்த கணத்திலிருந்து அதற்கு ஒரே நாட்டம்தான், கீழே போவது. வழியில் முட்டித் தள்ளும் குமிழ்கள், தட்டினால் விளக்கெரியும் இலக்குகள், ஏற்றப் பாதைகள், விழுங்கித் துப்பும் குழிகள். அடியில் இரண்டு மட்டைகள், அவற்றின் நடுவே இடைவெளி. ஆடுகிறவன் செய்யக்கூடியது மட்டையை அசைப்பது மாத்திரமே.

இதன் மூதாதையை நம்மில் பலர் சிறுவயதில் தொட்டிருப்போம். தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி பார்த்துத் திரும்பும்போது என் தகப்பனார் வாங்கித் தந்த பேகடெல் பலகை இப்போதும் நினைவிருக்கிறது. வளைவு வளைவாக ஆணியடித்த பலகை, கோலிகுண்டு, ஒரு குச்சி. குண்டைத் தள்ளிவிட்ட பிறகு நமக்கு வேலை இல்லை. ஆணிகளுக்கிடையே அது தட்டுத்தடுமாறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குச்சிக்குப் பதிலாக வில்லை வைத்து அமெரிக்காவின் சின்சினாட்டியில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் 1871-ல் காப்புரிமை வாங்கினார். மட்டை வருவதற்கு அதற்குமேல் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. 1947-ல் காட்லீப் கம்பெனி வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' யந்திரத்தில்தான் ஹாரி மாப்ஸ் முதன்முதலாக ஆறு மட்டைகளைப் பொருத்தினார். இதைச் சரித்திரத் தகவலுக்காகச் சொல்லவில்லை. தமிழில் விதி என்ற ஒரே சொல் சட்டத்தையும் தலையெழுத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. பேகடெல்லில் அவை இரண்டும் ஒன்றே. 1947-க்குப் பிறகு இரண்டுக்கும் நடுவே, ஒரு மட்டையின் நீளத்துக்கு, சிறிய இடம் பிறந்தது. பின்பாலின் கலை என்று ஒன்று இருந்தால் அது அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நான் ஆடியது உருக்குப் பந்தை அல்ல. 2004-ல் தமிழ் எம்.ஏ. முடித்திருந்தேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஆறு கணினிகளை வைத்து ஒரு பிரவுசிங் சென்டர் நடந்துவந்தது. மணிக்கு இருபது ரூபாய். வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போல விண்ணப்பம் நிரப்புகிறவர்கள், தேர்வு முடிவில் தங்கள் எண்ணைத் தேடுகிறவர்கள். மிச்சப்பேர் எதைத் தேடினார்கள் என்பதை அட்டைத் தடுப்புகள் மறைத்தன. தினம் ஒரு தடவையாவது இணைப்பு அறுந்துபோகும். 'நெட்டு போயிருச்சுண்ணே, வந்தா சொல்றேன். அதுவரைக்கும் சும்மா பந்தத் தட்டிக்கிட்டிருங்க, காசு கணக்குல சேக்க மாட்டேன்' என்பார் கடைக்காரத் தம்பி. விண்டோஸ் எக்ஸ்பி இருந்த கணினியிலெல்லாம் அந்தப் பலகையும் இருந்தது. இசட் விசை இடது மட்டை, அடுத்த ஓரத்தில் சாய்கோட்டு விசை வலது மட்டை. அந்தக் கடையின் ஆறு விசைப்பலகைகளிலும் இசட் என்ற எழுத்து தேய்ந்து அழிந்திருந்தது. ஆங்கிலத்தில் ஆகக் குறைவாகப் பயன்படும் எழுத்துகளில் ஒன்று அது.

பலகையின் பெயர் 'ஸ்பேஸ் கேடட்'. கருந்துளை, புழுத்துளை, எரிபொருள், விண்கலம் என்று படம் நிறைய. ஆட்டம் நடக்கும் முறை இது: முதலில் இலக்குகளைத் தட்டி ஒரு பணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் போதாது, ஏற்றப் பாதையில் பந்தை ஏற்றினால்தான் பணியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. எரிபொருள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும். எல்லாம் அணைவதற்குள் பணி முடியாவிட்டால் ரத்து. பணிகள் முடிய முடிய விளக்குகள் எரிந்துகொண்டே போய், வரிசை நிறைந்ததும் பதவி உயர்வு. கேடட், என்சைன், லெஃப்டினன்ட், கேப்டன், லெஃப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கொமடோர், அட்மிரல், ஃப்ளீட் அட்மிரல் என்று ஒன்பது படிகள். கையிலிருப்பது மூன்று பந்து. மூன்றாவது பந்தும் நடுவே விழுந்துவிட்டால், அட்மிரலாக இருந்தவன் அடுத்த நிமிஷம் மறுபடியும் கேடட்.

அந்தக் கடையில் நான் பார்த்த ஒருவன்கூட விண்வெளியை ஆடவில்லை. எவனும் கருந்துளையைப் பற்றிப் பேசியதில்லை. பக்கத்துக் கணினிக்காரன் எட்டிப் பார்த்துக் கேட்டது எப்போதும் ஒரே கேள்விதான்: 'எந்த ரேங்க்குண்ணே?' பதிவு மூப்பு, வயது வரம்பு, காலியிடம் என்ற சொற்களோடு நாளைக் கழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலகையின் பொருள் பதவி உயர்வு என்பது விளக்காமலே விளங்கியிருந்தது. அதை வடிவமைத்தவர்களுக்கு மதுரையைத் தெரியாது, எங்கள் விண்ணப்பங்களையும் தெரியாது. ஆனால் ஒரு வரிசையைக் கட்டி, அதில் ஏற வழி வைத்து, ஏறியவனை மூன்று பந்தில் தொடக்கத்துக்கே இறக்கிவிடும் ஏற்பாட்டைச் செய்தபோது, தாங்கள் வரைந்த விண்கலத்தைவிடப் பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டார்கள்.

தீம் என்ற சொல்லுக்கு நாம் கருப்பொருள் என்று எழுதிப் பழகிவிட்டோம். பழக்கத்தில் ஒரு பிசகு நேர்ந்திருக்கிறது. தொல்காப்பியம் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில். உரி என்பது புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை, உரியே எல்லாவற்றிலும் சிறந்தது என்பது அதன் துணிபு. ஆக, கருப்பொருள் என்று பழையவர்கள் சொன்னது பலகையின்மேல் இருக்கும் படத்தை: விண்கலத்தை, கப்பலை, கல்லறையை. தீம் என்று நாம் தேடுவதோ உரியை. பலகையில் உரி எங்கே இருக்கிறது? பந்தை எது தாமதப்படுத்துகிறது, எது ஏற்றுகிறது, எது முடித்துவைக்கிறது என்ற ஒழுங்கில் இருக்கிறது. நண்பரின் கேள்விக்கு இது பாதிப் பதில். படத்தை மாற்றினால் வேறு ஆட்டம் ஆகாது என்று அவர் சொன்னது சரி. ஆனால் தீம் என்பது படம்தான் என்று எண்ணிக்கொண்டது அவர் தவறு.

மறுபாதிக்கு மற்ற பலகைகளையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பழைய குறை குறுக்கிடுகிறது. 'ஸ்பேஸ் கேடட்' தனிப் பலகை அல்ல. சினிமட்ரானிக்ஸ் என்ற கம்பெனி உருவாக்கி, மேக்ஸிஸ் 1995-ல் வெளியிட்ட 'ஃபுல் டில்ட்! பின்பால்' என்ற விளையாட்டில் அது மூன்றில் ஒன்று. மற்ற இரண்டு, 'ஸ்கல்டகரி' என்ற கடற்கொள்ளைப் பலகையும் 'டிராகன்ஸ் கீப்' என்ற கோட்டைப் பலகையும். மைக்ரோசாஃப்டின் பொட்டலத்தில் ஏறிக் கடல் கடந்து நம்மிடம் வந்தது ஒன்று மட்டுமே. 1993-ல் ஜேம்ஸ் ஷ்மால்ஸ் எழுதிய 'எபிக் பின்பால்' கதையும் இதுதான்: ஒரு பலகை இலவசம், பத்துக்கு மேற்பட்ட மிச்சப் பலகைகளுக்குக் காசு. நெகிழ்தட்டில் கைமாறி வந்தது அந்த இலவசப் பலகைதான். மாதிரியைக் கொண்டு முழுதை ஊகித்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. காஃப்காவை ஒரு கதையாகவும் காம்யுவை ஓர் அத்தியாயமாகவும் முன்னூறு பிரதி அச்சான பத்திரிகைகளில் படித்து வளர்ந்தவர்கள் நாம். கிடைத்த ஒன்றையே ஆசிரியரின் சாரம் என்று நம்பி மணிக்கணக்கில் சண்டையும் போட்டிருக்கிறோம்.

மற்ற இரண்டையும் நான் ஆடியது பல வருஷம் கழித்து, ஒரு பழைய குறுந்தகட்டிலிருந்து. ஏமாற்றமே. படம் என்று பார்த்தால் இரண்டும் விண்வெளியைவிடச் செழிப்பானவை. ஆனால் புதையலைத் தேடிப் பந்தைத் தட்டியபோதெல்லாம் நான் விளக்கைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். டிராகன் என் பந்துக்கு இன்னொரு தடை, அவ்வளவுதான். அதை முடிக்க வேண்டும் என்ற பதைப்பு ஒருபோதும் எழவில்லை. ஒருவேளை என் வயதும் ஒரு காரணமாயிருக்கலாம். இருபத்து மூன்று வயதில், வேலை இல்லாமல், அவற்றை முதலில் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதுவேனா என்று கேட்டுக்கொண்டேன். எழுதமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 'பின்பால் டிரீம்ஸ்'. டிஜிட்டல் இல்யூஷன்ஸ் என்ற ஸ்வீடன்காரர் குழு அமிகா கணினிக்காக 1992-ல் செய்தது. நான்கு பலகைகள்: ராக்கெட், ரயில், பாட்டு, கல்லறை. அதே வருஷம் வந்த 'பின்பால் ஃபான்டஸீஸ்' இன்னும் நான்கைத் தந்தது. 'ஸ்பேஸ் கேடட்'டில் முழுப் பலகையும் ஒரே பார்வையில் கண்முன் இருக்கிறது. 'டிரீம்ஸ்' பலகை திரையைவிட உயரமானது. பந்து போகுமிடத்துக்குத் திரை நகர்கிறது. பந்து உச்சியில் திரியும்போது நம் மட்டைகள் கண்ணில் படுவதில்லை. பந்து திடீரென்று சரிய, திரை அதன் பின்னாலேயே இறங்கி ஓட, மட்டை தெரிகிற அதே கணத்தில் தட்ட வேண்டும். 'நைட்மேர்' என்ற கல்லறைப் பலகையில் எலும்புக்கூடும் மணியோசையும் தருகிற பயம் சிறுபிள்ளைத்தனமானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நம் கைகள் காத்திருக்கின்றன என்பதில் அசலான பயம் இருக்கிறது. அந்த நகர்வு நான்கு பலகைக்கும் பொது. அது பொருந்திப்போவதோ கல்லறையோடு மட்டும். ரயில் பலகையில் அதே நகர்வு வெறும் அசௌகரியம். இதனால்தான் உருவத்தை ஒரு தராசிலும் உள்ளடக்கத்தை ஒரு தராசிலும் தனித்தனியே நிறுப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. ஒரே உருவ உத்தி ஒரு பொருளில் உயிர்பெறுகிறது, பக்கத்துப் பொருளில் சவமாகக் கிடக்கிறது.

வத்தலகுண்டுக்காரரான சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையின் ஆசிரியராக எத்தனையோ பேரைப் பயிற்றுவித்தார். இந்த விஷயத்தில் அவர் விமர்சனங்களைக் காட்டிலும் அவருடைய 'வாடிவாசல்' பெரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜல்லிக்கட்டைக் கருவாக்கி நம் பக்கத்தில் எழுதப்பட்டவை ஏராளம். பலவற்றில் மாடு வர்ணனைக்காக வருகிறது, கொம்புக்குப் பூசிய வண்ணம்போல. 'வாடிவாசல்' ஜல்லிக்கட்டைப் பற்றிய கதை என்பதைவிட ஜல்லிக்கட்டின் விதிகளால் ஆன கதை என்பது பொருத்தம். தகப்பனைக் குத்திய காளையை அணைய வந்த மகன், காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார், நடுவே வாசல். யார் எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம், எது தோல்வி என்பதை ஆட்டமே தீர்மானிக்கிறது. அங்கே கருவும் உரியும் ஒட்டிப்பிறந்தவை.

ஒரு சில்லறைத் தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். 'ஸ்பேஸ் கேடட்'டில் ஆட்டம் தொடங்கியதும் 'ஹிடன் டெஸ்ட்' என்று தட்டினால், சுட்டியால் பந்தைப் பிடித்து இஷ்டப்பட்ட இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். சோதனைக்காக நிரல் எழுதியவர்கள் வைத்துக்கொண்ட கள்ளச்சாவி. சிம்மக்கல் கடையில் ஒரு பையன் இதைக் கண்டுபிடித்து, ஒரே மாலையில் ஃப்ளீட் அட்மிரல் ஆனான். உயர்ந்த ஐந்து எண்ணிக்கைகளைப் பெயரோடு காட்டும் பட்டியலில் ஐந்து இடத்தையும் தன் அபிமான நடிகரின் பெயராலேயே நிரப்பினான். மறுநாளிலிருந்து அந்தக் கணினியில் ஒருவரும் ஆடவில்லை. சிஸ்டத்தை அழித்து மறுபடி ஏற்றிப் பட்டியல் காலியான பிறகுதான் கூட்டம் திரும்பியது. பாத்திரத்தின் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் கொள்கை இருக்கும் இடத்துக்கு இழுத்துப்போகிற நாவலாசிரியர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருகிறான். அவர்களும் ஐந்து இடத்தையும் நிரப்பிவிடுகிறார்கள்.

ஆனால் கையே படக்கூடாது என்பதும் தவறு. நிஜ யந்திரத்தில் ஆடுகிறவன் இடுப்பால் லேசாக மோதிப் பந்தின் போக்கைத் திருப்புவான்; கணினியில் அதற்கென்று விசைகள் உண்டு. அளவு மிஞ்சினால் 'டில்ட்': மட்டைகள் செத்துப்போகும், பந்து விழுவதை நின்று பார்க்கலாம். 1930-களில் ஹாரி வில்லியம்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு இது. எவ்வளவு மோதலாம் என்று எங்கும் எழுதிவைத்திருக்கவில்லை. நல்ல ஆட்டக்காரன் அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை இப்பால் நிற்கிறவன். இலக்கணத்தோடு புதுக்கவிதை வைத்துக்கொண்ட உறவையும் இப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். மோதவே மாட்டேன் என்றவர்களும் யந்திரத்தையே கவிழ்த்தவர்களும் சேர்ந்து நம் பத்திரிகைகளில் பல பக்கங்களைத் தின்றிருக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் திறமை உண்டா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களும் நகரசபைகளும் தலையைப் பிய்த்துக்கொண்டது தனிக்கதை. நியூயார்க் நகரம் இதைச் சூதாட்டம் என்று 1942-ல் தடை செய்தது. மேயர் லகார்டியா சம்மட்டியால் யந்திரங்களை உடைத்தார். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபைக் குழுவினர்முன் ஆடிக்காட்டி, வில்லை இழுக்குமுன்பே பந்து எந்த வழியில் போகும் என்று சொல்லி, சொன்னபடியே போகவும் வைத்த பிறகு தடை நீங்கியது. நம் ஊரிலும் ரம்மியைப் பற்றி இதே கேள்வி வந்தது. அது திறமையின் ஆட்டம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல் சொன்னது. 2025-ல் வந்த மத்தியச் சட்டம், காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் அந்தப் பேதத்தையே பார்க்க மறுத்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது ஷார்ப்பின் காரியம்தான். விமர்சகன் செய்யக்கூடியதும் ஏறக்குறைய அதுவே: இந்த வழியில் போகும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு எல்லோர் முன்னிலும் வில்லை இழுப்பது. தவறினால் தடை நீடிக்கும்.

2007-ல் வெளிவந்த விஸ்டாவில் பலகை இல்லை. ஏன் இல்லாமற்போயிற்று என்று மைக்ரோசாஃப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார். முப்பத்திரண்டு பிட் நிரலை அறுபத்துநான்குக்கு மாற்றியபோது மோதலைக் கண்டறியும் பகுதி எங்கோ பிசகி, பந்து எதிலும் முட்டாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போய்விட்டதாம். வெளியார் எழுதிய பழைய நிரல், குறிப்புரை இல்லாதது. எங்கே பிசகு என்று கண்டுபிடிக்க முடியாமல் கைவிட்டார்கள் என்கிறார். அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. விண்கலம் இருக்கிறது, கருந்துளை இருக்கிறது, விளக்குகளெல்லாம் இருக்கின்றன. பந்தும் இருக்கிறது. ஒன்றும் ஒன்றைத் தொடவில்லை. நல்ல தாளில் அச்சாகி வருகிற எத்தனையோ கவிதைத் தொகுப்புகளில், கரு ஒன்றும் குறையாமலிருக்க, நான் கண்டது இதைத்தான். 2021-ல் யாரோ ஒருவர் அந்த நிரலைத் தலைகீழாகப் பிரித்து மறுபடி எழுதிப் பொதுவில் வைத்தார். இன்று என் கணினியில் ஓடுவது அதுதான், பந்து முட்டுகிறது.

நண்பரின் தொகுப்புக்குத் திரும்புகிறேன். கோபித்துக்கொள்வார், தெரியும். கண்மாய் வருகிற கவிதைகள் அதில் எட்டு. ஏழில் கண்மாய் வெறும் படம்; வறண்டும் நிறைந்தும் கிடக்கிறது, நாரை வந்து உட்கார்கிறது, எழுந்து போகிறது. எட்டாவது, பின்பக்கம் ஒதுக்கி அச்சடித்த பதினொரு வரிக் கவிதை. அதில் நாரை இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர். முறைத் தண்ணீர் ஆளுக்கு ஒரு ஜாமம். தம்பியின் முறையில் அண்ணன் இருட்டில் வந்து வரப்பை வெட்டிவிடுகிறான். தம்பி விழித்துத்தான் இருக்கிறான், எழுந்திருக்கவில்லை. மேலூர்ப் பக்கத்துத் தட்டை நிலத்தில் சரிவு நம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்தப் பதினொரு வரியும் அப்படித்தான் இறங்குகிறது. அட்டையில் நாரையைப் போட்டிருக்கிறார்.